வீட்டுக்கு ஒரு வாய் கிழங்கு

கிழங்கு என்று யாராவது சொன்னாலே எனக்கு அலுப்பாக வருகிறது. கோபம்கூட இல்லை, அலுப்பு. கோபப்படுவதற்குத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பையெல்லாம் கண்ணமங்கலத்துக்கும் வேலூருக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் கரைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒன்று விட்டு ஒரு நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகித் திரும்பி உடம்புக்குள் வர வேண்டும். டயாலிசிஸ் என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ‘மிஷின்’. ஜவ்வாது மலையில் குடியிருந்துகொண்டு ஒன்று விட்டு ஒரு நாள் வேலூர் போய்வருவது ஆகிற காரியமா? விடியற்காலையில் ஜீப்புக்கு நின்றால் போளூர் வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் சாமை போடும் கொல்லையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு, கண்ணமங்கலத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை பிடித்தோம். ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிரே டயர் கடை.

நான் மலைக்காரி இல்லை. கலசப்பாக்கத்துப் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். அப்பா புளி வாங்க மலைக்கு ஏறுவார். அந்தப் பழக்கத்தில் மேலே கட்டிக்கொடுத்தார். கீழேயிருந்து மேலே பெண் கொடுப்பது அப்போது வழக்கமே இல்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம், அது வேறு அலுப்பு.

முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்லும் பெண் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். உப்பைக் குறைங்க, தண்ணியை அளந்து குடிங்க, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இளநீர் போனால் போகட்டும், எங்கள் ஊரில் தென்னை எங்கே இருக்கிறது?

“கிழங்கு வகை எதுவும் கூடாதுங்க” என்றாள்.

அதுவரை கூன் போட்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

“எந்தக் கெழங்கும்மா?”

“எல்லாமேதாங்க ஐயா. உருளைக்கிழங்கு, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி…”

“அதெல்லாம் கொல்லையில போடறது. நான் காட்டுல நோண்டறதக் கேக்கறேன். வள்ளிக்கெழங்கு?”

“கூடாதுங்க.”

“நூரைக்கெழங்கு?”

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கூடாது என்றாள். கவலைக்கிழங்கு கேட்டார். ஓடைத் தண்ணீரில் கிடைக்கும் கொட்டிக்கிழங்கு கேட்டார். காட்டுச்சேம்பு கேட்டார். நான் மேசைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினேன். மனிதர் விடுவதாக இல்லை. எனக்கு மானம் போயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் பொறுமைசாலி. காரணத்தை விளக்கிச் சொன்னாள். கிழங்கில் பொட்டாசியம் என்று ஒன்று அதிகம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். இவருக்குத் தள்ளாது. அது உடம்பிலேயே தங்கினால் இதயத்தை நிறுத்திவிடும். “படபடன்னு அடிச்சு நிக்கும்னு நெனைக்காதீங்க ஐயா. மெதுவா அடிச்சுக்கிட்டே வந்து, சத்தமில்லாம நின்னுடும்” என்றாள். எனக்கு அந்த வார்த்தை இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

இவர் கேட்டார்: “ஒரு வாய்கூடவா?”

அவளுக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். எப்போதாவது ஆசையாக இருந்தால், தோலைச் சீவி, சின்னதாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து அதைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்டிவிட்டு ஒரு வாய் சாப்பிடலாம், ஒரே ஒரு வாய் என்றாள். அவள் சொன்ன அத்தனையிலும் இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அது ஒன்றைத்தான். அன்று சாயங்காலமே மலைக்கு போன் போட்டு, “ரெண்டு தண்ணி மாத்தி வேக வெச்சா ஒரு வாய் துன்னலாமாம்” என்று கொழுந்தனிடம் சொன்னார். மறுநாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மிஷினுக்குக் காத்திருக்கும் பெஞ்சில் பலவிதமான ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பிட முடியாதவர்கள் நாலு பேர் கூடினால் சாப்பாட்டைத்தான் பேசுவார்கள். தருமபுரிப் பக்கத்துக்காரர் ஒருவர் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர் சர்க்கரைவள்ளியைக் கெனசுகட்ட என்பார். நாங்கள் கருணை என்பதை இன்னொருவர் சேனை என்பார், அவர் கருணை என்பது வேறொன்று. இந்தச் சண்டை மிஷின் ரூமிலிருந்து பெயர் கூப்பிடும் வரைக்கும் நடக்கும். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் ஒருவருக்கும் ஆகாது. ஆனாலும் பெயரைச் சொல்லும்போது அந்த ஆண்கள் எச்சில் விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாவமாகத்தான் இருக்கும். எல்லாம் அளந்து தண்ணீர் குடிக்கும் வாய்கள்.

இதிலெல்லாம் பெரிய தலைவலி எங்கள் ஊர் வழக்கம். எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டு போக மாட்டார்கள். கிழங்கை அவித்து, இலையில் கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். கொண்டுவந்தவர் கண்ணெதிரே நோயாளி ஒரு வாய் தின்ன வேண்டும். தின்றுவிட்டால் மண் இவனை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்று கணக்கு. தின்னாவிட்டால் வந்தவர் முகம் செத்துவிடும். படுத்திருக்கும் ஆளுக்கு மட்டுமா, வந்த ஆளுக்கும் அன்று ராத்திரி சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலையிலிருந்து ஒரு ஜீப் வரும். ஆளுக்கொரு பையோடு இறங்குவார்கள். நான் வாசலிலேயே நின்று பையை வாங்கிவிடுவேன். “உள்ள போய் உக்காருங்க, டீ போடறேன்” என்று பையை அடுப்படிப் பக்கம் தள்ளிவிடுவேன். அவர்கள் போன பிறகு எல்லாம் டயர் கடைக்குப் போகும். டயர் கடைக்காரர் குடும்பம் அந்த வருஷம் தின்ற கிழங்கை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தின்றிருக்காது.

என்னிடம் வாதம் செய்யவும் தயங்க மாட்டார்கள். இவருடைய அக்கா, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், ஒரு தடவை மாகாளியைக் கொண்டுவந்தார். ஊறுகாய் போடுகிறார்களே, அந்த வேர். வாசலை மறித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, “இன்னாமே, போலீஸ்காரி மாதிரி நிக்கற? கெழங்குதானே வேணான்னாங்க? இது வேரு. வேரு வேணான்னாங்களா?” என்றார்.

“அண்ணி, மண்ணுக்குக் கீழ இருக்கற எதுவும் வேணாம்.”

“மண்ணுக்குக் கீழ இருக்கறது வேணான்னா, மனுசன் எங்கதான் போவறது?” என்று சொல்லிவிட்டு, அவரே வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் டீயைக் குடிக்காமலேயே எழுந்து போனார்.

மலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு வராமலா இருக்கும்? கீழ்நாட்டுக்காரி வாயைக் கட்டிப் போட்டே ஆளைச் சாகடிக்கிறாள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பேசுகிறவர்கள் பேசட்டும், இவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் போதும் என்று இருந்தேன். அதைத் தவிர எனக்கு அப்போது எந்த ஆசையும் இல்லை.

தை பிறந்தது. கொழுந்தன் போன் போட்டார். “அண்ணனை ஒரு நாளு இட்டாங்க அண்ணி. பொங்கலும் அதுவுமா ஊரு கண்ணுல காட்டிட்டு இட்டுக்கினு போங்க.” இவர் கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். மிஷின் முடிந்த மறுநாள் ஏறி, அடுத்த மிஷினுக்குள் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

தை மாதம் கிழங்குக்குக் காலம். மழையில் பச்சையாகப் படர்ந்த கொடி பனியில் காய்ந்து, அது எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நோண்டுவார்கள். சில குழி இடுப்பு ஆழம் போகும். ஜீப் வளைவுகளில் ஏறும்போதே இவர் சாலையோரம் காய்ந்த கொடிகளைப் பார்த்து, அது வள்ளி, அது நூரை என்று சொல்லிக்கொண்டே வந்தார். “கொடியைப் பாத்துக்குங்க, வாயில வெக்காதீங்க” என்றேன். “எனக்குத் தெரியாதாமே? நீ சும்மா இரு” என்றார்.

நோயில் கிடந்தவன் ஊருக்குத் திரும்பினால் வீடு வீடாகத் தானே நடந்து போய் முகம் காட்ட வேண்டும். எல்லா வீட்டிலும் கை நனைக்க வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டார் அடுத்த பொங்கல் வரை பேச மாட்டார்கள். டீ ஒரு மிடறோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி இவரை அனுப்பினேன். நான் எங்கள் வீட்டைத் திறந்தேன். எலிப் புழுக்கையும் ஒட்டடையுமாகக் கிடந்தது. பெருக்கித் துடைத்து, இவருக்கென்று உப்பில்லாமல் சோறு வடித்து, முட்டைக்கோஸ் பொரியல் செய்து வைத்துவிட்டு உட்கார்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மத்தியானம் தாண்டித்தான் வந்தார். முகம் தெளிவாக இருந்தது. பல மாதமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நம்ம வூட்டுல கெழங்கு ஒண்ணுமில்லியா?”

“சோறு இருக்குது.”

“ஒரு வாய்…”

“சோறு இருக்குதுன்னு சொன்னேன் இல்ல?”

தலையைக் குனிந்துகொண்டு இரண்டு வாய் சோறு தின்றார். வயிறு சரியில்லை என்றார். படுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் கூப்பிட்டார். “இந்தா, இங்க வா. காலு ரெண்டும் என்னுதா இல்லியான்னு தெரியல.” தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. எழுந்து நிற்கச் சொன்னேன், முடியவில்லை. நாக்கு குழறியது. எனக்கு அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது, மெதுவாக அடித்துக்கொண்டே வந்து நின்றுவிடும் என்றது. கொழுந்தன் ஓடிப்போய் ஜீப்பைப் பிடித்தார். வளைவுக்கு வளைவு இவர் தலை என் மடியில் உருண்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வழியெல்லாம் இவர் மார்பில் கையை வைத்து, அடிக்கிறதா, அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தச் சாமி அந்தச் சாமி என்று பாக்கி வைக்காமல் எல்லாச் சாமியையும் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஊசிகள் போட்டு, நேராக மிஷினில் போட்டார்கள். பிழைத்தார்.

காலையில் டாக்டர் வந்து, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டார். இவருக்குக் குரலே எழவில்லை. ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னார்.

“தம்பி வூட்டுல ஒரு வாய் வள்ளிக்கெழங்கு சார். சித்தப்பா வூட்டுல ஒரு வாய் கருணை. பக்கத்துல பங்காளி வூடு, அங்க நூரை, அதும் ஒரு வாய்தான். பூசாரி வூட்டுல சக்கரவள்ளி. மேல் வூட்டுல சேம்பு. கெணத்தாண்ட வூட்டுல மறுபடியும் வள்ளி…”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். “எத்தனை வீடு?”

“ஊரு முழுக்க சார். ஒரு வூட்ட உட முடியாது.” அப்புறம் டாக்டருக்குக் கோபம் வரக்கூடாதே என்று, “எல்லாம் ரெண்டு தண்ணி மாத்தி வேக வெச்சதுதான் சார்” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு என்னைக் காட்டினார். “எங்க வூட்டுல மட்டும் ஒண்ணும் துன்னல. இவ குடுக்கல.”

நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பெண் சொன்னபடியே தோலைச் சீவி, நறுக்கி, ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து, ஒரே ஒரு வாய் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டிலும் இரண்டாவது வாய் கொடுக்கவில்லை. இவர் கேட்டும் கொடுக்கவில்லையாம். அடுத்த வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது, அங்கே டீயோ காப்பியோ கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். நோயாளிக்கு நாம் கொடுத்ததை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் கொடுத்தது பலிக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இவரும் வாயைத் திறந்து, போன வீட்டில் தின்றுவிட்டேன் என்று சொல்ல முடியாது. அது இந்த வீட்டை மட்டம் தட்டின மாதிரி ஆகிவிடும். இப்படியே மரியாதை மரியாதையாக மனிதரைச் சாவு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

யாரைத் திட்டுவது? சொன்ன பெண் மேல் தப்பில்லை. கேட்ட ஊர் மேலும் தப்பில்லை. இவர் மேல் தப்பு உண்டு. ஆனால் குழாய் குத்தின கையோடு கிடக்கும் ஆளை எப்படித் திட்டுவது? திட்டினேன். கொஞ்சம் குறைத்துத் திட்டினேன்.

அன்றைக்கு முழுக்க போன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டு வாய்தான் இவரைச் சாய்த்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். “எங்க வூட்டுக் கருணைதாம்மா அவன நெஞ்சுல அடிச்சிடுச்சு” என்று சித்தப்பா அழுதார். “எங்க நூரைதான் அண்ணி” என்றார் பங்காளி. எல்லாருக்கும் சமாதானம் சொல்லிச் சொல்லி வாய் வறண்டுபோன பிறகு கொழுந்தன் போனில் வந்தார். அவரிடம் சொல்லிவிட்டேன்: “இனிமே எவனும் கெழங்கைத் தூக்கிக்கினு என் வாசப்படி ஏறக் கூடாது.” சொன்னதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அன்றைக்கு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஏறவில்லை. கிழங்கும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

மாசி போயிற்று. பங்குனியும் பாதி போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து டயர் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது ஜீப் சத்தம் கேட்டால் கழுத்து நீளும். எனக்குப் பொறுக்கவில்லை. கொழுந்தனுக்கு போன் போட்டு, ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டேன்.

“இன்னாத்த எடுத்துக்கினு வர்றது அண்ணி? கெழங்கு ஆவாதுங்கறீங்க, பழம் ஆவாதுங்கறீங்க, ஹார்லிக்ஸ் ஆவாதுங்கறீங்க.”

“ஒண்ணும் வேணாம். சும்மா வாங்க.”

“வெறுங்கையோட சாவு வூட்டுக்குத்தான் அண்ணி போவோம். உசுரோட கீற ஆளை அப்பிடி எப்பிடி வந்து பாக்கறது?”

போனை வைத்துவிட்டேன்.

இவர் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. காத்திருக்கும் பெஞ்சில் குச்சிக்கிழங்குக்காரர் வலிய வந்து பேசினால்கூட, ம் என்பதோடு சரி. ஒரு நாள் காலையில் நான் சீட்டையும் துண்டையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பி நிற்கிறேன், இவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

“இன்னிக்கு நான் வரல.”

“ஒடம்பு முடியலியா?”

“ஒடம்புக்கு இன்னா? போய் இன்னா பண்ணப்போறேன்? எதுக்கு இந்த நாய்ப் பொழப்பு?”

“நீங்க போய்ச் சேந்துட்டா நான் இன்னா பண்றது?”

“நீ மலைக்குப் போய்க் கொல்லையப் பாரு. நல்லா வெளையற நிலம்மே அது.”

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு ஒரு வழி சொல்வதாக நினைத்துச் சொன்னார். அதுதான் என்னை அடித்துப் போட்டது. கத்தினேன், கெஞ்சினேன், காலைப் பிடித்து இழுத்தேன். மனிதர் அசையவில்லை. பஸ் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் முகமும் காலும் உப்பிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே இருந்தார். அடுத்த மிஷினையும் விட்டால் இவர் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அன்று ராத்திரியே நாத்தனாருக்கு போன் போட்டேன். மாகாளி விஷயத்துக்குப் பிறகு அவரும் நானும் சரியாகப் பேசிக்கொண்டதில்லை.

“அண்ணி, எல்லாரையும் கூட்டிக்கினு நாளைக்கே வாங்க. கெழங்கு எடுத்துக்கினு வாங்க.”

“ஒனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? அவன ஒரேயடியா அனுப்பிடலாம்னு பாக்கறியா?”

“அவருக்கில்ல. எனக்கு. நான் துன்றேன்.”

“நீயா? கல்யாணமாகி வந்த நாள்லருந்து கெழங்கைக் கண்டா மூஞ்சியச் சுளிக்கறவ நீ.”

உண்மைதான். நான் சோற்றுக்குப் பிறந்தவள். அந்தக் கொழகொழப்பும் மண் வாசனையும் எனக்கு ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. தொண்டை அரிக்கும். “மூஞ்சி சுளிச்சா இன்னா அண்ணி, வாய் இருக்குது இல்ல? வாங்க” என்றேன்.

ஜீப் நிறைய வந்தார்கள். ஆளுக்கொரு இலைப் பொட்டலம். அறைக்குள் நிற்க இடமில்லை, பாதிப் பேர் சந்தில் நின்றார்கள். இவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எப்பிடிம்மா? நோயாளி துன்னாத்தான் கணக்கு. நீ துன்னா அது அவனுக்கு எப்பிடிச் சேரும்?”

எனக்கு வந்ததே கோபம். எத்தனையோ நாளாக வராத கோபம்.

“இவரு ரத்தமே வேலூர்ல ஒரு மிஷினு வழியாப் போய்ட்டு வருது. அத மட்டும் ஒத்துக்கினீங்க இல்ல? இது என் வாய் வழியாப் போவட்டும். ஒத்துக்கலன்னா எல்லாரும் ஜீப்புல ஏறுங்க” என்றேன்.

நாத்தனார்தான் முதலில் உட்கார்ந்தார். இலையைப் பிரித்து, வள்ளிக்கிழங்கை ஒரு துண்டு கிள்ளி என் வாயில் வைத்தார். நான் மென்றேன். அடுத்து கொழுந்தன். அடுத்து சித்தப்பா. வாய்க்கு வாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த இவர், சித்தப்பாவின் துண்டை நான் விழுங்கியதும் வாயைத் திறந்தார்.

“அது கருணை. சரியா வேவல. அரிக்குதில்ல?”

கண்ணில் நீர் முட்ட நான் தலையாட்டினேன். சந்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா, தன் மருமகள் அவசரத்தில் இறக்கிவிட்டாள் என்று பழியை அங்கே போட்டார். இவர் விடவில்லை. வள்ளி எந்தக் குழியில் எடுத்தது என்று தம்பியைக் கேட்டார். ஓடைக்கு மேலே, பாறைக்குப் பக்கத்தில் என்றார் கொழுந்தன். “கெழங்குத் தலைய மறுபடியும் குழியில வெச்சு மூடினியா?” என்று கேட்டார். கொழுந்தன் விழித்தார். “மூடல? அடுத்த வருசம் இன்னாத்தடா நோண்டுவ, நம்மப்பன் எலும்பையா?” என்று ஒரு பிடி பிடித்தார். அவ்வளவு சத்தம் அந்த உடம்பில் மிச்சம் இருந்ததே எனக்குத் தெரியாது.

நான் தின்றேன். நூரை தின்றேன், சேம்பு தின்றேன், சர்க்கரைவள்ளி தின்றேன். கொண்டுவந்தவர்கள் ஒருவர் முகமும் சுருங்காமல் எல்லார் கையிலும் ஒரு வாய் தின்றேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகு பின்பக்கம் போய், புளியைக் கரைத்து வாயில் ஊற்றிக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினேன். நாக்கு தடித்துவிட்டது. அங்கேயே தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால், எல்லாவற்றுக்கும்தான். மறுநாள் மிஷின் நாள். வருவாரா மாட்டாரா என்று அவரைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

காலையில் நான் எழுந்தபோது இவர் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பையை எடுத்துக்கொண்டு நடந்தோம். மூச்சு வாங்கி வாங்கி, டயர் கடைச் சுவரைப் பிடித்து நின்று, பஸ் ஏறினார். ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். பஸ் கிளம்பினதுதான் எனக்குத் தெரியும். அவர் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு நான் தூங்கிவிட்டேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் இவர், ஒரு கையில் பையும் இன்னொரு கையில் முன் சீட்டுக் கம்பியுமாக எழுந்து நிற்கிறார்.

“எறங்குமே. ஆஸ்பத்திரி வந்துடுச்சு. லேட்டாப் போனா மிஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க” என்றார்.